ஊற்று இல்லாத கிணறு

போன மாதம் எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து மனையில் போர் போட வந்தார்கள். சரவணம்பட்டியில் இதெல்லாம் ஒரு செய்தியா என்று கேட்பீர்கள். இல்லைதான். எல்லோரும் ஜன்னலை அடைத்துக்கொண்டு புழுதியைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பால்கனியில் நின்று, குழியிலிருந்து கிளம்பும் அந்த வெள்ளை மாவு எந்தப் பக்கமாகப் போய் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். "உள்ள வாங்கத்தை, இருமல் புடிச்சுக்கும்" என்று மருமகள் கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

நம் வயதுக்காரர்களுக்கு முழுப்பரீட்சை லீவு என்றால் மாமன் வீடு, அவிநாசித் தேர், வாய்க்கால் குளியல், காலில் ஒரு முள். எனக்கும் மற்ற வருடங்கள் எல்லாம் அப்படித்தான். ஒரே ஒரு லீவு மட்டும் ராஜஸ்தான் பாலைவனத்தில் கழிந்தது. திரும்பி வந்து சொன்னபோது வகுப்பில் ஒருத்தியும் நம்பவில்லை. ஒட்டகத்தைத் தொட்டேன் என்று சொன்னதற்கு, "ஏன், சிங்கத்தத் தொடலையா?" என்று சிரித்தவள் இப்போது மூன்று பேரன் பேத்திகளோடு வடவள்ளியில் இருக்கிறாள். அவள் இதைப் படிப்பாள் என்று நம்புகிறேன்.

அப்பா திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். போர் போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். அந்தப் பக்கத்து ஆட்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு தேசம் முழுக்கப் பாறையைக் குடைந்துவிட்டு வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த வருடம் வண்டி ராஜஸ்தானில் நின்றது. சமையல்காரருக்கு மஞ்சள் காமாலை வந்து ஊர் திரும்பிவிட்டார். வண்டி ஆட்கள் கண்ட இடத்தில் தின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். ஊருக்கு வந்திருந்த அப்பா வேறு ஆள் தேடினார், கிடைக்கவில்லை. "நான் வாரனுங்க" என்று அம்மா சொன்னாள். பொம்பளை ரிக் வண்டியோடு போவதாவது என்று எங்கள் சொந்தத்தில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அம்மா கொள்ளு, புளி, மிளகாய், அரிசி எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். கடைசி மூட்டை நான்.

போன இடம் ஓர் எல்லையோர நகராட்சி. நகராட்சி என்றதும் நம்மூர் மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஒரு கடைவீதி, ஒரு ரயில் நிலையம், எந்நேரமும் போய்வரும் ராணுவ லாரிகள், அவ்வளவுதான் ஊர். அதைத் தாண்டினால் மணல். மேற்கே போகப் போக வீடுகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் யாரும் போகக் கூடாத இடம் வந்துவிடும். அந்த மணலும், அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த குடியிருப்புகளும் அந்த நகராட்சியைச் சேர்ந்தவைதான் என்றார்கள். ஒரு குடியிருப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு மனுஷ முகத்தைப் பார்க்க முடியாது. நாங்கள் போனது அப்படி ஒரு கடைக்கோடிக் குடியிருப்புக்கு. அங்கே குடிதண்ணீருக்குப் போர் போடச் சொல்லிச் சர்க்கார் வேலை வந்திருந்தது. வேலையை எடுத்துக் கொடுத்த காண்டிராக்டர் தூரத்திலிருந்து கையைக் காட்டிவிட்டுத் தன் ஜீப்பில் திரும்பிவிட்டார்.

ஆறேழு வீடுகள். மண் சுவர், வட்டக் கூரை. சுவர்களில் வெள்ளைக் கோலம். ஆண்கள் ஒருவரும் இல்லை. புல்லைத் தேடி ஆடுகளை ஓட்டிக்கொண்டு வெகுதூரம் போயிருந்தார்கள். மேகம் திரண்டால்தான் திரும்புவார்களாம். ஆடு, அதன் ரோமம், நெய் இவைதான் அவர்கள் பிழைப்பு. மழை பெய்தால் கொஞ்சம் கம்பு விளையும். இளவட்டங்கள் சிலர் மஞ்சள் கல் உடைக்கும் குவாரிக்குப் போய்விட்டார்கள். வீட்டைக் காத்தது பெண்கள்தான். ஆண்களைக் கண்டால் முக்காட்டை மார்பு வரைக்கும் இழுத்துக்கொள்வார்கள். எங்கள் வண்டி ஆட்கள் அவர்கள் முகத்தையே பார்த்ததில்லை. அம்மாவும் நானும் மட்டும் பார்த்தோம்.

அவர்களில் மூத்தவளுக்கு அம்மாவைவிடக் கொஞ்சம் வயது கூட இருக்கும். குடியிருப்பின் நடுவில், தரைக்குள் கிணறு மாதிரி இறங்கிய, மூடி போட்டுப் பூட்டிய ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் சாவி அவள் இடுப்பில் தொங்கும். அம்மா அவளுக்குத் தொட்டிக்காரம்மா என்று பேர் வைத்துவிட்டாள். அவளுக்கு என் வயதில் ஒரு மகள். பாஷை தெரியாமலே நாங்கள் இரண்டு பேரும் அஞ்சாங்கல் ஆடினோம். அவள் எனக்குக் கொடுத்த ஐந்து மஞ்சள் கற்களை எந்த வீடு மாறும்போது தொலைத்தேன் என்று தெரியவில்லை. தொலைத்தது இன்றைக்கும் மனதை அறுக்கிறது.

அம்மாவுக்கு அங்கே பிடித்துப்போய்விட்டது. கம்பைப் பார்த்ததும் பாதிக் கவலை போனது. வன்னி மரத்தைப் பார்த்து முதல் நாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் தொட்டிக்காரம்மா அதன் காயைப் பறித்து வதக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். "நம்மூர்ல கோயில்ல வெச்சுக் கும்புடறோம், இவிய பொரியல் பண்ணித் திங்கறாங்க பாரு கண்ணு" என்று அம்மா சிரித்தாள். பதிலுக்குக் கொள்ளுப் பருப்பு போனது. அதை அவர்கள் ஆட்டுக்கு வைத்தார்களா, தாங்கள் சாப்பிட்டார்களா என்று எங்களுக்குத் தெரியாது. கேட்கவும் பாஷை இல்லை.

தண்ணீரை அவர்கள் புழங்கிய விதம்தான் எனக்கு மறக்கவே மறக்காது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து குளிப்பார்கள். கட்டிலுக்குக் கீழே அகலப் பாத்திரம். குளித்த தண்ணீர் அதில் விழும். அந்தத் தண்ணீர் ஆட்டுக்குட்டிக்கு. பாத்திரத்தை மணலைப் போட்டுத் தேய்த்து வெறும் துணியால் துடைத்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு மட்டும் செம்பு நிறையத் தண்ணீர். முதல் நாள் அந்தத் தண்ணீரைக் குடித்த அப்பா கண்ணை மூடிக்கொண்டார். "என்ன ருசி! சிறுவாணி கெட்டுது போ" என்றார்.

கெட்டதெல்லாம் அந்த ருசியால்தான்.

காண்டிராக்டர் காட்டிய இடத்தில் போட்ட முதல் குழி மணலில் சரிந்தது. எங்கள் வண்டியின் துளைபோடும் சுத்தியல் பாறைக்குப் பழகியது. மணலில் அதற்கு வேலை இல்லை. அப்பா கெட்டித் தரை தேடி நடந்தார். அதிக தூரம் நடக்க வேண்டியிருக்கவில்லை. தொட்டியைச் சுற்றிலும் பரந்த ஒரு தரை இருந்தது. நம்மூர்க் களம் மாதிரி கெட்டியாக, மேடுபள்ளம் இல்லாமல், ஒரு சருகுகூட இல்லாமல். தட்டு போல எல்லாப் பக்கமிருந்தும் நடுவே தொட்டியைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். பெண்கள் தினமும் அதைக் கூட்டுவார்கள். ஆட்டை விடமாட்டார்கள். ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள்.

அப்பா கணக்குப் போட்டார். பூட்டி வைத்திருப்பது பழைய கிணறு. அதில் இத்தனை இனிப்பான தண்ணீர். அப்படியென்றால் அடியில் நல்ல ஊற்று ஓடுகிறது. பக்கத்திலேயே பாறை. அதே ஊற்றைப் பிடித்துவிட்டால் குடியிருப்புக்கே விடிவுகாலம். நீரோட்டம் பார்க்க டிரில்லர் அண்ணன் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு அந்தத் தரையில் நடந்தார். தொட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் தேங்காய் எழுந்து நின்றது. எழுந்து நிற்காமல் என்ன செய்யும்? அவரும் அந்தத் தண்ணீரைக் குடித்தவர்தானே.

நம் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. நமக்குத் தண்ணீர் என்றால் பூமிக்குக் கீழே இருப்பது. எத்தனை அடி என்றுதான் கேட்போம். மேலேயிருந்து வருவதைச் சேர்த்துவைத்து ஒரு வருடம் குடிப்பார்கள் என்பது எங்கள் ஆட்கள் யாருடைய புத்திக்கும் எட்டவில்லை.

அம்மாவுக்கு எட்டியது. ரிக் வண்டி அந்தத் தரையை நோக்கித் திரும்புவதைப் பார்த்துத் தொட்டிக்காரம்மா ஓடிவந்தாள். ஆண்களிடம் பேசமாட்டாளே, அதனால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வானத்தைக் காட்டினாள். தரையைக் காட்டினாள். ஓரத்திலிருந்து தொட்டி வரைக்கும் விரலால் இழுத்துக் காட்டினாள். பிறகு பூட்டைத் திறந்து மூடியைத் தூக்கி, அம்மாவின் தலையைப் பிடித்து உள்ளே பார்க்க வைத்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். குளிர்ந்த இருட்டு முகத்தில் அடித்தது. அடியில் முழங்காலளவு தண்ணீர் இருந்திருக்கும்.

அம்மா நேராக அப்பாவிடம் போனாள்.

"ஏனுங்க, அது கெணறு இல்லீங்க. அடியில சிமிட்டி பூசியிருக்குது. கெணத்துக்கு அடியில ஆராச்சும் பூசுவாங்களா?"

"பழைய கெணறா இருக்கும். சேறு கலங்காம இருக்கப் பூசியிருப்பாங்க."

"அந்தம்மா வானத்தக் காட்டறாங்க. மழைத் தண்ணியாட்ட இருக்குதுங்க. இந்தத் தரையில உழுகறது அத்தனையும் அதுக்குள்ள போகுதாட்ட இருக்குது."

வண்டி ஆட்கள் சிரித்தார்கள். மழையா, இந்த ஊரிலா? அப்பாவும் சிரித்தார். "வானத்தக் காட்டுனாங்கன்னா சாமியச் சொல்றாங்க புள்ள. பாரு, செருப்பில்லாமத்தான நடக்கறாங்க. சாமி நெலமா இருக்கும். நாமளும் மருவாதியா நடந்துக்குவோம். அவியளுக்குத் தண்ணி குடுக்கத்தான வந்திருக்கறோம், திருடவா வந்தோம்?"

"எதுக்கும் அவிய ஊட்டு ஆம்பளைங்க வார வரைக்கும் பொறுக்கலாமுங்க."

"நீ சோத்தப் பாரு அம்மணி."

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அப்பா யாரையும் ஏசிப் பேசாத மனுஷர். அந்த முக்காட்டுப் பெண்களைப் பார்த்து, அவர்களுக்குப் புரியாது என்று தெரிந்தும், "ஒண்ணும் பயப்படாதீங்க, நாங்க பாத்துக்கறமுங்க" என்று கும்பிட்டார். பிறகு எல்லோரும் செருப்பைக் கழற்றி ஓரத்தில் வரிசையாக வைத்தார்கள். வெறுங்காலோடு, மரியாதையாக, அத்தனை கனமான ரிக் வண்டியைத் தரையின் நடுவே ஏற்றினார்கள். செய்தது அநியாயம். அதைக் கும்பிடு போட்டுச் செய்தார்கள் என்பதால் அநியாயம் இல்லை என்று ஆகிவிடாது.

கம்பிரசர் சத்தத்தில் ஆட்டுக்குட்டிகள் கத்திக்கொண்டு ஓடின. பாறை மாவு எழும்பித் தரை முழுக்கப் படிந்தது. டீசலும் ஆயிலும் ஒழுகின. ரொம்ப ஆழம் போன பிறகு தண்ணீர் பீய்ச்சி அடித்தது. வண்டி ஆட்கள் விசில் அடித்தார்கள். அப்பா இரண்டு கையாலும் ஏந்தி வாயில் ஊற்றிக்கொண்டார். அடுத்த நொடி துப்பினார்.

உப்பு. கடல் தண்ணீர் தோற்கும் உப்பு.

அதற்குள் அந்தத் தண்ணீர் தரை முழுக்கப் பரவிவிட்டது. தொட்டியின் விளிம்பைச் சுற்றித் துளைகள் இருந்தன. தரையில் ஓடும் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் உள்ளே இறங்கும். பெண்கள் மண்வெட்டியால் மண்ணை வாரிக் கொட்டித் துளைகளுக்கு முன்னால் அணை கட்டினார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போகவில்லை. வெயில் காய்ந்ததும் தரை மேல் வெள்ளையாகப் படிந்து நின்றது. வண்டியை உடனே எடுத்திருந்தால் கழுவியோ சுரண்டியோ ஏதாவது செய்திருக்கலாம். ஆனால் பாறையைக் குடையும் இரும்பு ராடு குழிக்குள் மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு வர ரிக் வண்டிக்காரருக்கு மனம் வராது. எடுக்கப் பார்த்தார்கள், எடுக்கப் பார்த்தார்கள், நாட்கள் போயின. சுற்றிலும் அந்தப் பெண்கள் குனிந்து வெள்ளையைச் சுரண்டிச் சுரண்டிக் கூடையில் அள்ளினார்கள். அம்மாவும் போய்ச் சேர்ந்துகொண்டாள். அன்றைக்கெல்லாம் வண்டி ஆட்களுக்குச் சோறு நேரத்துக்குக் கிடைக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அப்பாவுக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஊரில் அதற்குள் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். நாங்கள் இன்னும் அங்கேதான் இருந்தோம். ஒரு நாள் மத்தியானம் மேற்கே வானம் பழுப்பாகி, மணல்காற்று வீசி ஓய்ந்தது. அதன் பின்னாலேயே பெரிய பெரிய துளிகள் விழுந்தன. மண் வாசம் என்கிறோமே, அதை நான் முழுசாக முகர்ந்தது அன்றைக்குத்தான். தொட்டிக்காரம்மாவின் மகள் என் இரண்டு கையையும் பிடித்துச் சுற்றினாள். பெண்கள் வீட்டைவிட்டு ஓடிவந்து, முக்காடு விலகியதுகூடத் தெரியாமல் வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள். வருடத்தில் ஒன்றோ இரண்டோ முறை வரும் மழை அது.

அந்தச் சிரிப்பு அப்படியே நின்றது. தொட்டிக்காரம்மா தரையைப் பார்த்தாள். மாவும் உப்பும் ஆயிலும் கரைந்து, கழனித் தண்ணீர் மாதிரி தொட்டியை நோக்கி நகர ஆரம்பித்திருந்தது. அணை மண் இந்த மழைக்குத் தாங்காது. உள்ளே முழங்காலளவு நல்ல தண்ணீர்.

துளைகளைத் திறந்து விட்டால் தொட்டி நிறையும், ஆனால் அத்தனையும் உப்பாகிவிடும். அடைத்தால் மிச்சம் இருக்கும் தண்ணீர் பிழைக்கும், ஆனால் வருடத்து மழை வெளியே போய்விடும். அவளுக்கு யோசிக்க நேரமே இல்லை. முக்காட்டுத் துணியை உருவிச் சுருட்டி ஒரு துளையில் திணித்தாள். மற்ற பெண்கள் ரஜாய்ப் போர்வைகளை வாரிக்கொண்டு வந்தார்கள். அம்மா எங்கள் கூடாரத்துக்கு ஓடி, அரிசிச் சாக்கைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டுச் சாக்கோடு வந்தாள். அதுவும் போதாமல் தன்னுடைய மாற்றுச் சேலைகளையும் கொண்டுபோய்த் திணித்தாள். அப்பாவும் ஆட்களும் ஓடிவந்து முழங்காலிட்டு, வெறுங்கையால் மண்ணை வாரி அப்பினார்கள். அந்தப் பெண்கள் முகம் தெரிய எங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் நின்றது அன்றுதான் முதல்முறை. எங்கள் ஆட்களில் ஒருத்தரும் பார்க்கத் தலை நிமிரவில்லை.

துளைகள் அடைபட்டன. தேங்கி ஏறிய வெள்ளம், எங்கள் வண்டி ஏறித் தாழ்ந்துபோன தரையோரத்தை உடைத்துக்கொண்டு மணலில் இறங்கியது. எவ்வளவு தண்ணீர் தெரியுமா? குடியிருப்பு முழுக்க வருடம் பூராவும் குடிக்கும் தண்ணீர். அது போவதைத் தொட்டிக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். அழவில்லை. அழுதது அம்மாதான்.

சில நாள் கழித்து ஆண்கள் ஆடுகளோடு திரும்பினார்கள். தூரத்திலிருந்தே மேகத்தைப் பார்த்துவிட்டு, தொட்டி நிறைந்திருக்கும் என்ற நம்பிக்கையில் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தொட்டிக்காரம்மாவின் புருஷன் மூடியைத் தூக்கிப் பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஆட்கள் அடி விழும் என்று பயந்துகொண்டிருந்தார்கள். அடி விழுந்திருந்தால் அப்பாவுக்கு நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

வண்டி ஆட்களில் அரைகுறை இந்தி தெரிந்த ஹெல்பர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு அப்பா அந்தத் தலைப்பாகைக்காரர் முன்னால் போய் நின்றார். டவுனிலிருந்து லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறோம் என்று சொல்லச் சொன்னார். அவர் ஏதோ கேட்டார்.

"எத்தன நாளைக்குன்னு கேக்கறாருங்க" என்றார் ஹெல்பர் அண்ணன்.



லாரித் தண்ணீர் சில நாள் வந்தது. அதுவும் கரிப்புத்தான். தொட்டியில் விடத் தொட்டிக்காரம்மா சம்மதிக்கவில்லை, டிரம்மில் பிடித்து ஆட்டுக்கு வைத்தார்கள். அது எத்தனை நாள் ஓடும்? குடியிருப்புக் கலைந்தது. கால்வாய் வெட்டிய பக்கம் சொந்தக்காரர்கள் கூலி வேலை செய்வதாகவும், அங்கே போவதாகவும் சொன்னார்கள். ஆடுகளில் பெரும்பாதி சந்தைக்குப் போயிற்று. ஒட்டகத்தின் மேல் கட்டில்கள் தலைகீழாக ஏறின. தலைமுறை தலைமுறையாக வெறுங்காலோடு கூட்டி வைத்திருந்த தரையில் அன்றைக்கு எல்லோரும் செருப்போடு நடந்தார்கள். ராடைக் குழிக்குள்ளேயே விட்டுவிட்டு எங்கள் வண்டியும் அதே காலையில் கிளம்பியது.

நாங்கள் எங்கள் லாரியில் ஏறி உட்கார்ந்த பிறகு தொட்டிக்காரம்மா வந்தாள். எங்களுடைய பித்தளைத் தூக்குப்போசியை அம்மாவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தபோது அது நிறைந்திருந்தது. தொட்டியின் அடியில் மிஞ்சியிருந்த தண்ணீர். அவர்கள் வழிக்கு எடுத்துக்கொண்டது போக எவ்வளவு இருந்திருக்கும்? அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் கேட்கவில்லை. என் தலையில் கை வைத்துக் காட்டிவிட்டு, போசியை அம்மாவின் மடியில் வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அப்பா பக்கம் திரும்பவே இல்லை.

ரொம்ப தூரம் வந்தோம். வெயில் ஏறியது. லாரிக்குள் இரும்பெல்லாம் சுட்டது. அப்பாவுக்கு உதடு வெடித்திருந்தது.

"அந்தப் போசியக் குடு புள்ள. ஒரு வாய் குடிச்சுக்கறேன்."

அம்மா மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. எப்போதும் பேசுகிற அதே பணிவான குரலில்தான் சொன்னாள்.

"இது புள்ளைக்குக் குடுத்ததுங்க. உங்களுக்கு இல்லீங்க."

அப்பா நீட்டிய கையை எடுத்துக்கொண்டார். ரோட்டைப் பார்த்தார். அம்மா மூடியில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினாள். எனக்குத் தாகமாக இருந்தது. அப்பாவைப் பார்த்துக்கொண்டே குடித்தேன். அத்தனை இனிப்பாக இருந்தது.